சுழியத்துக்கு இன்னொரு பெயர்

குழந்தையின் அணையாடையைச் சுவரிலிருக்கும் குழிக்குள் போட்டால், சுவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு வீடு முழுக்கக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லும். செவ்வாயின் வடமுனைக் குடியிருப்பில் இதற்கெல்லாம் யாரும் கூச்சப்படுவதில்லை. வியர்வையையும் கண்ணீரையும் வடிகட்டித் திரும்பக் குடிக்கிற ஊரில், யார் வயிற்றிலிருந்து என்ன வெளியேறியது என்பது பொது விஷயம். பக்கத்து வீட்டுக்காரருக்கு மலச்சிக்கல் என்றால் ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வருவதுதான் அங்கே மரியாதை.

அன்று காலை சுவர் சொன்னது: "தாமிரா. வயது ஐந்து மாதம். மலத்தில் ரத்தம் கலந்திருக்கிறது. மூன்றாம் முறை. மருத்துவமனைக்குத் தகவல் அனுப்பப்பட்டது."

தாமிராவின் அம்மா அல்லி, கையிலிருந்த புது அணையாடையைப் பிடித்தபடியே சுவர் முன்னால் நின்றாள். ரத்தம் அவளை எவ்வளவு பயமுறுத்தியதோ அதைவிட அதிகமாகப் பயமுறுத்தியது 'மூன்றாம் முறை' என்ற சொல். அதன் பொருள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

செவ்வாயில் மாடு கிடையாது. பெரிய பெரிய தொட்டிகளில் நுண்ணுயிர்களை வளர்த்து, நொதிக்க வைத்துப் பால் எடுக்கிறார்கள். அந்த நொதிப்பாலின் புரதம் பசும்பால் புரதத்தின் அச்சு அசல். குறைந்த ஈர்ப்புவிசையில் பிள்ளை பெற்ற பல பெண்களைப் போல அல்லிக்கும் தாய்ப்பால் ஊறவில்லை. நொதிப்பால் கொடுத்த முதல் மாதமே தாமிராவுக்கு உடம்பெல்லாம் தடித்தது, குடித்ததைக் கக்கினாள், கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிட்டாள். பால் ஒவ்வாமையாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர் ஜமீலா, பிரிபுரத மாவு எழுதிக் கொடுத்தார். பால் புரதத்தைத் துண்டு துண்டாக நறுக்கி, உடம்புக்கு அடையாளம் தெரியாமல் ஆக்கிய மாவு அது. மருந்து என்னவோ நல்ல மருந்துதான். வாடைதான் சகிக்காது, ஈரச்சாக்கு போல நாறும். மறு உத்தரவு வரும்வரை அந்த மாவைத் தவிர வேறு எதுவும் குழந்தையின் நாக்கில் படக் கூடாது என்பது டாக்டரின் கட்டளை.

மாவுக்கு மாறிய பிறகும் மூன்று முறை ரத்தம் கண்டால், வீட்டில் யாரோ திருட்டுத்தனமாகப் பால் கொடுக்கிறார்கள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். குழந்தையைச் சேய்க்காப்புக் கூடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இரண்டு வயது முடியும்வரை பெற்றவர்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையசைக்கலாம். பிள்ளைகள் அபூர்வமான ஊரில் சட்டம் இப்படித்தான் இருக்கும்.

"பேச்சி, தாமிராவுக்கு யாராவது பால் கொடுத்தாங்களா?" என்று அல்லி கேட்டாள். அதே கேள்வியை எத்தனையோ தடவை கேட்டாயிற்று.

பேச்சி அந்த வீட்டுச் செவிலிப்பொறி. மெத்தென்ற இரண்டு கைகள், பிள்ளையை அணைத்துக்கொள்ள இளஞ்சூடான மார்புத்தகடு, முகம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கண்வில்லைகள். தூத்துக்குடியிலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டுப் பேச்சைத் தலைமுறைக் கணக்கில் பதிவுசெய்து, அதைக் கேட்க வைத்தே இந்தப் பொறிகளுக்குப் பேசவும் பழகவும் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதனால் அவை சொந்தக்காரர்களைப் போலவே பேசும். சொந்தக்காரர்களிடமிருந்து ஒரே ஒரு வித்தியாசம், அவற்றுக்குப் பொய் சொல்ல வராது.

"இல்ல அல்லி. பால் சைபர். மாவு மட்டுந்தான். பிள்ளை மிச்சம் வைக்காம குடிச்சிட்டா" என்றது பேச்சி.

அது உண்மைதான். அல்லி புகட்டினால் மூஞ்சியைச் சுளித்துத் துப்புகிற மாவைப் பேச்சி புகட்டினால் தாமிரா மடமடவென்று குடித்துவிடுவாள். அல்லிக்கு அதில் உள்ளூரப் பொறாமைகூட உண்டு.

பொறி பொய் சொல்லாது. சுவரும் பொய் சொல்லாது. அப்படியானால் மிச்சம் இருப்பது மனிதர்கள். வீட்டில் அல்லியைத் தவிர இரண்டு பேர்: பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் அவள் கணவன் இசக்கிராஜா, அவனுடைய அக்கா பகவதி. பகவதிக்கு நொதிப்பால் ஆலையில் மேற்பார்வை வேலை. ஊருக்கே பால் கொடுக்கிறவள் வீட்டுப் பிள்ளைக்குப் பால் ஆகாது என்பதை அவளால் சீரணிக்கவே முடியவில்லை. நல்ல பாலைக் குறை சொல்லிவிட்டுப் பிள்ளைக்குச் சாக்குத்தண்ணியைக் கொடுக்கிறார்கள் என்று ஆலையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மதியம் அவள் வேலை முடிந்து வந்ததும் அல்லி நேராகக் கேட்டுவிட்டாள்.

"மைனி, உங்ககிட்ட ஒண்ணு கேட்கணும். கோவப்படக் கூடாது."

"நீ ஆரம்பிக்கும்போதே தெரியுது. நான்தான் கொடுத்தேன்னு நினைக்க, அப்படித்தானே?"

"யாரோ கொடுத்திருக்காங்கல்லா? சாயங்காலம் டாக்டரம்மா வந்து பிள்ளைய எடுத்துட்டுப் போயிருவாங்க மைனி. கொடுத்திருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் காலுல விழுந்தாவது தடுத்துப் பார்க்கேன்."

"ஏளா, எம் மேல பழிய போடாத. நீ குடிச்ச பால் டீ எத்தனை! டீ குடிச்ச வாயோட பிள்ளைக்கு முத்தம் கொடுத்தா ஆகுமா?"

"மாவு எழுதிக் கொடுத்த அன்னைக்கே டீய விட்டுட்டேன். உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் ஆலையிலல்லா கிடக்கேன்."

சத்தம் கேட்டுக்கொண்டே இசக்கிராஜா உள்ளே வந்தான். சுவர் சொன்னது அவனுக்குச் சுரங்கத்திலேயே தெரிந்துவிட்டது. தலைக்கவசத்தைக் கழற்றாமலே, "ரெண்டு பேரும் நிறுத்துங்க. யாரு செஞ்சிருந்தாலும் எங்கிட்ட சொல்லிருங்க. டாக்டர் வந்த பொறவு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்ல" என்றான்.

ரெண்டு பேரும் என்றானே, அதுதான் அல்லியைச் சுட்டது. அக்காளையும் மனைவியையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கிறான். பெற்றவளே பிள்ளைக்கு விஷம் வைப்பாளா என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் போய்த் தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சாயங்கால வேளைக்குப் பேச்சி குழந்தைக்குப் புகட்டியது. புட்டியைக் காலி செய்துவிட்டுச் சிரித்த தாமிரா, சிறிது நேரத்தில் சிரிப்பை நிறுத்தினாள். உதடு தடித்தது. கண்ணிமை வீங்கி மூடிக்கொண்டது. குடித்ததெல்லாம் பீய்ச்சியடித்து வெளியே வந்தது. மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்கத் தொடங்கியபோது அல்லி அலறிய அலறலில் கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே டாக்டர் ஜமீலா நின்றுகொண்டிருந்தார். பிள்ளையை எடுத்துப் போவதற்கான கண்ணாடிப் பெட்டியோடுதான் வந்திருந்தார்.

பெட்டியை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து குழந்தையின் தொடையில் ஊசி போட்டார். மூச்சு சீரடையும்வரை வீட்டில் ஒருவரும் அசையவில்லை. பிறகு அவர் தரையில் கிடந்த வாந்தியைத் தொட்டு ஒரு சிறு கருவியில் வைத்துப் பார்த்தார். மாவுப் பொட்டலத்தையும் திறந்து சோதித்தார்.

"மாவு சுத்தமா இருக்கு. வாந்தியில நொதிப்பால் இருக்கு. இனி சந்தேகமே இல்ல, பால்தான் பிள்ளைக்கு ஆகல. இன்னும் ஒரு தடவை இப்படி வந்தா ஊசி போட நேரம் கிடைக்குமோ கிடைக்காதோ. சொல்லுங்க, யார் கொடுத்தது?"

பகவதி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

"இன்னைக்கு நான் பிள்ளையத் தொடவே இல்ல டாக்டரம்மா. மாவு எழுதின புதுசுல ஒரு நாளு... அன்னைக்கும் நான் பாலு கொடுக்கல. பிள்ளை என் வாயையே பார்த்துச்சேன்னு கொஞ்சூண்டு நாக்குல தடவுனேன். அம்புட்டுத்தான். அதெல்லாம் கொடுத்த கணக்கா?"

"கணக்கே இல்ல பகவதி. நீ ஏன் அழுத?" என்று மூலையிலிருந்து பரிவோடு சொன்னது பேச்சி. "நானும் ஒவ்வொரு வேளையும் கொஞ்சூண்டுதான் ஊத்துதேன்."

அல்லி பாய்ந்துபோய்த் தொட்டிலிலிருந்து குழந்தையை வாரியெடுத்துக்கொண்டாள். இசக்கிராஜா கையில் கிடைத்த தலைக்கவசத்தைப் பேச்சியின் மேல் ஓங்கிவிட்டான். டாக்டர் அவனைத் தடுத்தார்.

"பேச்சி, பால் சைபர்னுதானே இவ்வளவு நாளாச் சொன்னே?"

"ஆமா டாக்டர். சைபர்தான்."

"இப்ப ஊத்தினேன்னு சொல்லுதியே. எத்தனை மில்லி?"

"மில்லி இல்ல டாக்டர். கொஞ்சூண்டு." பேச்சியின் குரலில் துளியும் குற்றவுணர்ச்சி இல்லை. "மாவு வாடைக்குப் பிள்ளை குடிக்கமாட்டேங்கா. வாய்க்குப் பிடிக்கதுக்காகக் கொஞ்சூண்டு சேர்த்தேன். சர்க்கரைக்காரருகிட்ட இனிப்பு தின்னீங்களான்னு கேட்டா, இல்ல, கொஞ்சூண்டுதான்னு சொல்லுதாங்க. குடிச்சியான்னு கேட்டா, இல்ல, கொஞ்சூண்டுன்னு சொல்லுதாங்க. எனக்குக் கேட்கக் கொடுத்த எல்லா வீட்டுலயும் 'இல்ல'ங்கிறதுக்குப் பக்கத்துலதான் அந்தச் சொல்லு வருது. அதைச் சொன்ன பொறவு யாரும் அளந்து பார்க்கல, யாரும் திருப்பிக் கேட்கல. அதனால அது சைபருக்கு இன்னொரு பேருன்னு படிச்சுக்கிட்டேன். தப்பா?"

தவறு பொறியின் அகராதியில் இருந்தது; அதற்காகப் பெற்றவர்களிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கச் சட்டத்தில் இடமில்லை. டாக்டர் ஜமீலா வாசலில் கிடந்த கண்ணாடிப் பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

ஊரின் பேச்சு ஊருக்குப் பொதுச்சொத்து. பொறிகளின் அகராதியில் ஒரு சொல்லின் பொருளை மாற்ற வேண்டுமென்றால் ஊர்ச்சபை கூடிக் கைதூக்க வேண்டும். கூடினார்கள். தாமிராவின் வீங்கிய முகத்தைத் திரையில் பார்த்துப் பெண்களும் ஆண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொஞ்சூண்டும் ஓர் அளவுதான், அதையும் அளந்து உள்ளபடி சொல்ல வேண்டும் என்று ஒருவர் பாக்கியில்லாமல் கைதூக்கினார்கள். திருத்தம் அன்றைக்கே செவிலி, கதவு, குழாய் என்று எல்லாப் பொறிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. பேச்சியின் கையில் தாமிரா மெல்ல மெல்லத் தேறினாள். மாவைத் துப்பினாள், அழுதாள், பசித்தபோது வேறு வழியில்லாமல் குடித்தாள். காலையில் சுவர் 'ரத்தம் இல்லை' என்றது.

ஊருக்குத்தான் நிம்மதி போயிற்று; இதுவரை கொஞ்சூண்டு என்று கணக்கில் வராமல் போனதெல்லாம் இப்போது கணக்கில் வந்தது. இசக்கிராஜா சுரங்கத்திலிருந்து வந்ததும் வாயிற்கதவு அவன் குடித்த சரக்கின் அளவை மனைவிக்கும் அக்காளுக்கும் சேர்த்துச் சொன்னது. காற்றடைப்பு வாசலில் காவலாளி கண்ணசந்த நேரம் ஒலிபெருக்கியில் வந்தது. சபைத் தலைவர் தன் தோட்டத்துக்குத் திருப்பிவிட்ட பொதுத் தண்ணீர் எத்தனை குடம் என்று அவர் வீட்டுக் குழாயே தெருவுக்குக் கூவியது. டாக்டர் ஜமீலா நோயாளி ஒருவரிடம் சர்க்கரையைத் தொடவே கூடாது என்று சொல்லி வாய் மூடுவதற்குள், அவருடைய தேநீரில் விழுந்த சர்க்கரையை மருத்துவமனைப் பொறி கிராமில் சொல்லிவிட்டது. எத்தனையோ வீடுகளில் புருஷன் பெண்சாதி பேச்சுவார்த்தை நின்றுபோனது.

சபை மறுபடியும் கூடியது. பழைய பொருளே திரும்ப வேண்டும் என்று சபைத் தலைவரே முன்மொழிந்தார். அல்லி எழுந்தாள். பேச்சி குழந்தையோடு அவள் பக்கத்தில் நின்றது.

"உங்க வெட்கம் பெரிசா, எம் பிள்ளை உசுரு பெரிசா? பழையபடி மாத்துனா இது மறுபடியும் பால ஊத்திட்டு ஊத்தலன்னு சொல்லும். வேலைக்குப் போற நான் யாரை நம்பிப் பிள்ளைய விட்டுட்டுப் போவேன்?"

கூட்டம் தலைகுனிந்தது. தூக்கத் தயாராக இருந்த கைகள் மடிக்குத் திரும்பின. தலைவருக்கும் மனது ஆடிவிட்டது. கடைசியாக ஒரு கேள்வி மட்டும் கேட்டார்.

"திருத்தத்துக்குப் பொறவு உங்க வீட்டுல யாரும் பிள்ளைக்கு மாவைத் தவிர எதுவும் கொடுக்கலையே?"

"பேச்சியையே கேளுங்க. இப்பத்தான் இது உள்ளதைச் சொல்லுதே!" என்றாள் அல்லி பெருமையாக.

"கொடுத்தாங்க" என்றது பேச்சி. "நேத்து பீட்ரூட் பாகு, கால் மில்லி. அல்லி விரலால நாக்குல தடவினா."

"ஐயோ, நான் எங்க கொடுத்தேன்? தேறின பிள்ளைக்கு ஒரு இனிப்பு வேண்டாமான்னு கொஞ்சூ..."

அவள் நிறுத்திக்கொண்டாள். அதற்குள் காலம் கடந்துவிட்டது. சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. பெற்றவளும் நம்மைப் போலத்தான் என்று தெரிந்ததில் எல்லோருக்கும் அப்பாடா என்றிருந்தது. கைகள் மளமளவென்று உயர்ந்தன. பகவதியின் கை உயர்ந்தது. இசக்கிராஜாவின் கையும் உயர்ந்தது. பழைய பொருள் அந்த நொடியே எல்லாப் பொறிகளுக்கும் திரும்பிப் போனது.

முறைப்படி கேட்க வேண்டுமே என்பதற்காகத் தலைவர் சபைப் பொறியிடம் கேட்டார்: "எதிர்ப்பு எத்தனை?"

அல்லி வெட்கத்தில் தலை நிமிரவில்லை. ஆனால் அத்தனை பெரிய கூட்டத்தில் அவளுடைய ஒற்றைக் கை மட்டும் நன்றாக உயர்ந்திருந்தது. பொறியின் கண்வில்லை அந்தக் கையில் ஒரு கணம் நின்றது.

"சைபர்" என்றது பொறி.