வெறும் குழியில் வெளிச்சம்

ஆய்வகத்தின் கடைசி அறைக்குள் அவள் நுழைந்தபோது வெளியே உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. கதவைச் சாத்தியதும் கும்மிருட்டு. மருந்து நெடி, குளிர்பெட்டியின் முனகல். இருட்டில்தான் அவள் பிழைப்பே; பயந்தால் வேலைக்கு ஆகுமா?

வெளிச்சம் தரும் புரதம் ஒன்றை இரண்டு பாதியாக்கி, ஒரு பாதியை வைரஸின் மேலும் மறுபாதியை உயிரணுவின் மேலும் ஒட்டிவிடுவார்கள். வைரஸ் வந்து உயிரணுவைப் பற்றினால் பாதிகள் சேர்ந்து நீலமாய் மினுங்கும். பற்றாவிட்டால் இருட்டுதான்.

அன்றைய உயிரணுக்கள் அவள் மகளின் பால்பல்லிலிருந்து வளர்த்தவை. விழுந்த பல்லைத் தூக்கிப்போட மனம் வராமல் எடுத்து வந்திருந்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

தட்டிலிருந்த சின்னஞ்சிறு குழிகளில் அவற்றை ஊற்றினாள். வைரஸைக் குளிர்பெட்டியிலிருந்து இன்னும் எடுக்கவே இல்லை.

ஓரக்குழி நீலமாய் மினுங்கியது.

எங்கோ வெளிச்சம் கசிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கதவிடுக்கிலும் கருவிகளின் சிவப்பு விளக்குகளிலும் கறுப்பு டேப் ஒட்டினாள்.

பக்கத்துக் குழியும் மினுங்கியது.

பிறகு அடுத்தது.

வைரஸே ஊற்றாத தட்டில் எதுவோ உயிரணுக்களைப் பற்றிக்கொண்டே வந்தது.

கைபேசி அதிர்ந்தது. கணவன்.

“குட்டிக்கு ஜுரம். ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வந்துட்டேன். வெளிச்சம் கண்ணக் கூசுதாம், திரையெல்லாம் இழுத்து விட்டிருக்கேன்.”

“இருமுறாளா?”

“இல்ல. யாரோ என்னைப் பிடிச்சிருக்காங்கன்னு சொல்லிட்டே இருக்கா. என்னமோ பிதற்றுறா.”

அழைப்பைத் துண்டித்தாள். கிருமிநாசினி பாட்டிலைத் திறந்து தட்டு முழுக்கக் கவிழ்த்தாள். குழிகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. ஓரக்குழி மட்டும் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. அதுவும் அணைந்ததும் சுவரில் சாய்ந்து அழுதாள். பிறகு ஓட்டமும் நடையுமாய் வீடு வந்து சேர்ந்தாள்.

“இப்பதான் ஜுரம் விட்டுச்சு. நீ வீணா பயந்துட்ட,” என்றான் கணவன்.

திரை மூடிய அறைக்குள் கும்மிருட்டு. அதே மருந்து நெடி. கையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று நினைத்தபடி மகளின் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது.

“இப்பவும் யாராவது உன்னைப் பிடிச்சிருக்காங்களா கண்ணு?”

“இல்லம்மா.” குட்டி அவள் காதருகே வந்து கிசுகிசுத்தாள். “நீ எதையோ ஊத்தினியாமே? அங்க ரொம்ப எரிஞ்சுதாம். அதான் இங்கயே உள்ள வந்துடுச்சு.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

பல் விழுந்த இடத்தில் நீலமாய் மினுங்கியது.