ருபிடியத்தைக் கொன்றது யார்?

அடிலெய்டில் சூரியன் ஒரு நொடி தாமதமாக வந்தால், எங்கள் கடிகாரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மேலே ஏறும்!

அந்தக் கடிகாரம்... செத்துவிட்டது!

போன் அலறியது.

"மெர்வ்! ஓடி வா... மறுபடியும் கொலை!"

டாக்டர் ஹெய்டி நோஸ்கி. கடிகாரத்தைப் பெற்ற தாய். ஓய்வு பெற்ற பிறகும் அவள் ஆய்வுக்கூடத்தையே சுற்றிக்கொண்டிருக்கும் நான், கேன்டீனில் பாதி தின்ற, கறி அடைத்த மீட் பையோடு பறந்தேன்.

மேஜை மேல் ஷூ பெட்டி அளவில் கடிகாரம். உள்ளே கண்ணாடிக் குப்பி. அதற்குள் ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவி. அந்த ஆவி ஒரே ஒரு நிற ஒளியைத்தான் விழுங்கும். லேசர் அந்த நிறத்தை இறுகப் பிடித்தால் நேரம் ஓடும். பிடி நழுவினால்... கோவிந்தா!

கடிகாரத்தைக் கடலில் சோதிக்கப்போகும் கடற்படைக் கப்பல் பிற்பகலில் கிளம்புகிறது. அதற்குள் ஓடாவிட்டால், ஹெய்டியின் பிள்ளை கரையிலேயே கிடக்கும். போட்டிக்காரர்களின் கடிகாரம் கப்பல் ஏறிவிடும்!

கடற்படை அதிகாரி க்ளைவ் டாப்ஸ்காட், பெட்டியின் உலோக மூடியைக் கழற்ற வைத்து, மூக்கை உள்ளே நுழைத்திருந்தார்.

"இது நாசவேலை! மெர்வ், உன் மேலதான்யா சந்தேகம்!"

"அது சாகும்போது நான் பை தின்னுக்கிட்டு இருந்தேன் தலைவா!"

"சாட்சி?"

"சட்டையில சாஸ்!"

முகர்ந்து பார்க்க என்னிடம் வந்தார்.

பீப்! கடிகாரம் பிழைத்தது!

திரும்பிப் போய்க் குனிந்தார்.

செத்தது!

ஹெய்டியின் கண்கள் சுருங்கின.

"சார்... உங்க பேட்ஜ் சட்டையில எப்படி நிக்குது? ஊசியா?"

"ஊசி குத்தினா சட்டை ஓட்டையாகுமே! காந்தம்."

ஹெய்டி அலறியதில் க்ளெனெல்க் கடற்கரையின் கடற்பறவைகள் அத்தனையும் டாஸ்மேனியாவுக்கு ஓடின!

"காந்தம் கிட்ட வந்தா ஆவி விழுங்குற நிறமே மாறிடும்! அதைத் தடுக்கத்தானேய்யா அந்த மூடி! கழட்டச் சொன்னது யாரு?"

டாப்ஸ்காட் பேட்ஜைத் தட்டிக்கொண்டார்.

"இத்துனூண்டு காந்தம் கடிகாரத்தைக் கொல்லுமா? கதை விடாதீங்க டாக்டர்!"

பேட்ஜைக் கழற்றி, அறைக்கோடியில் வைத்தார். பீப்! எடுத்து வந்தார். செத்தது! வைத்தார். பீப்! எடுத்து வந்தார்...

"போதும்யா, அதுக்கு வலிக்கும்!" என்றேன்.

டாப்ஸ்காட்டுக்கு வியர்த்துவிட்டது. பேட்ஜை என் கையில் திணித்து என்னை வாசலில் நிறுத்தினார். ஹெய்டி மூடியைத் திருகினாள். கடிகாரம் ஜம்மென்று ஓடியது!

டாப்ஸ்காட் கப்பல் கேப்டனுக்குப் போன் போட்டார்.

"சார்... கடிகாரம் கப்பலுக்கு வருது. கொலைகாரனையும் பிடிச்சாச்சு... நான்தான் சார்! நானே நம்பலை. ஆனா நடந்தது நடந்ததுதான்... அப்புறம் சார், எனக்குக் கைவிலங்கு அனுப்புறதா இருந்தா... பிளாஸ்டிக்ல அனுப்புங்க!"