சிலுப்பி திரும்பிய திசை

"அடிவார ரோடு சரிஞ்சு கெடக்கு, நாளைக்கு மத்தியானந்தான் வர முடியும்னு மீட்புப் படைக்காரங்க சொல்லிட்டாங்க. அதுவரைக்கும் எங்கண்ணன் மலையில கெடக்கணுமா? யாரும் வர வேணாம். நான் போறேன்!"

டீக்கடை வாசலில் நின்று பவுனுத்தாயி இப்படிச் சொன்னது மேலக்கொம்பை ஊருக்கே கேட்டது. பவுனு சொன்னால் செய்துவிடுவாள். அதுதான் அவளிடம் எல்லோருக்கும் பயம்.

முக்காடுமலையின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. அரிசியானாலும் சிமெண்டானாலும் அடிவாரத்திலிருந்து மிருகங்களின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். அந்தப் பொதித் தொழில் பவுனுவுடையது. வெள்ளச்சி என்ற குதிரை கழுத்தில் மணியோடு முன்னே நடக்கும். கோவேறு கழுதைகள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடும். கயிறு வேண்டாம், கம்பு வேண்டாம். குதிரைத் தாயின் வயிற்றில் பிறந்தவை ஆயிற்றே, குதிரை போனால் அவையும் போகும்.

அவளுடைய அண்ணன் சன்னாசிக்கு வேறொரு பைத்தியம். தாத்தா காலத்தில் மண் சரிந்து பழைய கோயில் புதைந்தபோது, மலைச்சாமியின் வெண்கல மணியைப் பூசாரி ஏதோ ஒரு குகையில் ஒளித்து வைத்தாராம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், குகை எதுவென்று யாருக்கும் தெரியாது. "இந்தத் திருவிழாவுக்கு அந்த மணி அடிக்கும்! நான் கொண்டாறேன்!" என்று ஊருக்கே முழங்கிவிட்டு, தங்கையிடம் வந்து ரெண்டு கோவேறு கழுதை கேட்டான் சன்னாசி.

"ஏலக்கா மூட்டை காத்துக் கெடக்கு, உனக்கு மணி ஆட்டப் போகணுமா? ஒண்ணும் கெடையாது போ!" என்று விரட்டிவிட்டாள் பவுனு.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மிருகங்கள் கட்டும் கொட்டத்தில் சும்மா நின்ற கருவாச்சி என்ற கிழட்டுக் கழுதையை ஓட்டிக்கொண்டு போனான். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு இரவு கழிந்தும் ஆளைக் காணோம். ரெண்டு மிருகம் கொடுத்திருந்தால் துணைக்கு ஒரு ஆளும் போயிருப்பானே என்ற நினைப்பு பவுனுவின் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது.

"யாரும் வர வேணாம்னு சொன்னா வராம இருந்துருவமாக்கும்?" என்று மாமன் மகன் முத்திருளன் துண்டை உதறித் தோளில் போட்டான். பொதி ஓட்டுவதில் அவளுக்குக் கூட்டாளி. பேச ஆரம்பித்தால் மலை இறங்கும்வரை நிறுத்தமாட்டான்.

"நானும் வர்றேன். அடிபட்டிருந்தா கட்டுப் போட ஆள் வேணும்ல?" என்றார் நசீமா. தடுப்பூசி போட மலையேறி வந்து, அடிவாரச் சாலை மூடியதால் ஊரில் மாட்டிக்கொண்ட கால்நடை மருத்துவர்.

"மாட்டு டாக்டரா எங்கண்ணனுக்கு?"

"எலும்பு எலும்புதான் பவுனு. உங்கண்ணன் உதைக்காம இருந்தாச் சரி."

அந்த நேரத்திலும் பவுனுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளச்சியும் இரண்டு கோவேறு கழுதைகளும் தயார். மூன்றாவதற்கு முதுகில் புண். வேறு வழியில்லாமல், கோவேறு கழுதை என்று சந்தையில் வாங்கிய சிலுப்பியை அவிழ்த்தாள் பவுனு. உடனே முத்திருளன் ஆரம்பித்துவிட்டான்.

"ஆத்தி! இந்தத் தரித்திரத்தையா? மணிச் சத்தம் கேட்டா எல்லாம் கெழக்க போகும், இது மேக்க பாக்கும். சந்தையில யாரோ உன் தலையில கட்டிப்புட்டான் புள்ள!"

"கயிறு சொமக்க ஒரு முதுகு வேணும் மச்சான். வாய மூடிட்டு வா."

மேகம் தலைக்கு மேலேயே கிடந்தது. பாறைகளில் பாசி வழுக்கியது. அட்டைகள் காலில் ஏறின. மணிச் சத்தத்தோடு வெள்ளச்சி முன்னால் நடக்க, சிலுப்பி மட்டும் தலையைச் சிலுப்பிச் சிலுப்பி, இழுத்த இழுப்புக்குத்தான் வந்தது.

பின்னால் வந்த நசீமா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பவுனு, இதோட அம்மா யாரு?"

"சந்தையில பல்லப் பாத்தேன், குளம்பப் பாத்தேன். ஆத்தாளையா பாத்தேன்? கோவேறு கழுதைன்னான், வாங்கிட்டு வந்தேன்."

"இது கோவேறு கழுதை இல்லன்னு நினைக்கிறேன். காதைப் பாருங்க, அதுங்க காதைவிடச் சின்னது. வாலும் பிடரியும் குதிரைக்கு இருக்கற மாதிரி அடர்த்தியா இருக்கு. ஆனா உடம்பு கழுதை அளவுதான். கழுதை அப்பன், குதிரை அம்மான்னா கோவேறு கழுதை. இது அப்படியே திருப்பிப் போட்டது. குதிரை அப்பன், கழுதை அம்மா. ஹின்னின்னு சொல்வாங்க."

"எப்படித் திருப்பிப் போட்டாலும் ரெண்டுங்கெட்டான் ரெண்டுங்கெட்டான்தானே டாக்டரம்மா?" என்றான் முத்திருளன்.

"இல்லைங்க. பால் குடுத்து வளத்தது யாரோ, அது பின்னாடிதான் மனசு போகும்."

பவுனு காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. அண்ணன் கிடைக்க வேண்டும், அதற்கு மேல் அவள் மனதில் இடமில்லை.

ஓடையைத் தாண்டி மேடு ஏறியபோது வந்தது அந்தச் சத்தம். தடதடவென்று மலையே இடிவது போன்ற சத்தம்! மேலிருந்து ஒரு பாறை உருண்டு வந்து பாதைக்குக் குறுக்கே பாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. வெள்ளச்சி கனைத்துக்கொண்டு இரண்டு காலில் எழுந்தது. அடுத்த கணம் வந்த வழியே ஓட்டம் பிடித்தது!

"பிடி! பிடி மச்சான்!"

யார் பிடிப்பது? மணி கிணுகிணுத்துக்கொண்டே ஓட, இரண்டு கோவேறு கழுதைகளும் போர்வை, சாப்பாட்டு மூட்டைகளோடு அதன் பின்னாலேயே பறந்தன. பாறைக்குப் பயந்து ஓடியதைவிட, குதிரை ஓடுகிறதே என்று ஓடியதுதான் அதிகம். "ஏய் வெள்ளச்சி! ஏய்!" என்று கத்திக்கொண்டே முத்திருளனும் மூடுபனிக்குள் மறைந்தான்.

சிலுப்பி மட்டும் அங்கேயே நின்றது. நடுங்கியது, ஆனால் ஓடவில்லை. அதன் முதுகில் கயிற்றுச் சுருள் பத்திரமாக இருந்தது.

பாதை அங்கே இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் பழைய எஸ்டேட் தடம், நல்ல அகலம். வலது பக்கம் புதரும் ஈரமண்ணும். சன்னாசி நல்ல பாதையில்தான் போயிருப்பான் என்று பவுனு இடது பக்கம் இழுத்தாள். சிலுப்பி நகரவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அது நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, இரண்டு காதையும் வலது பக்கம் நிமிர்த்தி நின்றது.

"சனியனே! நேரங்காலம் தெரியாம!" கம்பை ஓங்கியே விட்டாள் பவுனு. ஓங்கிய கை அப்படியே நின்றது.

கொட்டத்தில் தினமும் நடக்கும் கூத்து அவள் கண்முன் வந்தது. கோவேறு கழுதைகளோடு சேர்த்துக் கட்டினால் சிலுப்பி கயிற்றை அறுத்துக்கொள்ளும். அறுத்துக்கொண்டு எங்கே போய் நிற்கும்? கருவாச்சியின் தொட்டிக்கு! வயசான கழுதையின் கொள்ளுத் தீனியைப் பிடுங்கித் தின்னப் போகிறது என்று எத்தனை அடி அடித்திருப்பாள்! கருவாச்சி மலையேறிய நாளிலிருந்து சிலுப்பி கொள்ளில் வாய் வைக்கவே இல்லையே!

"டாக்டரம்மா... இது கழுதைகிட்டப் பால் குடிச்சதுன்னா, இன்னொரு கழுதையத் தேடிப் போகுமா?"

நசீமா யோசித்தார். "போகலாம். சத்தியம் பண்ண முடியாது பவுனு. தப்பான பக்கம் போனா இன்னைக்கு வெளிச்சம் போயிரும்."

பவுனு இரண்டு பக்கமும் பார்த்தாள். இடது பக்கம் அகலமான தடம். வலது பக்கம் ஒரு கழுதை மகளின் காது. கம்பைத் தூக்கிப் புதரில் எறிந்தாள். கயிற்றைத் தளர்த்தினாள்.

"போ தாயி. நீ போற பக்கம் நான் வாரேன்."

சிலுப்பி ஒரே பாய்ச்சலாக வலது பக்கம் இறங்கியது! முள் கிழித்தது, சேறு முழங்கால்வரை ஏறியது. இரண்டு பெண்களும் விழுந்து எழுந்து பின்தொடர்ந்தார்கள். ஓரிடத்தில் அது நின்று கழுத்தை நீட்டிக் கத்தியது. குதிரைக் கனைப்பாகத் தொடங்கி, பாதியில் கீச்சென்று உடைந்து போகும் விசித்திரமான குரல். அந்தக் குரலைத்தான் முத்திருளன் நாள் முழுவதும் கேலி செய்வான்.

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. சுத்தமான, முழுத் தொண்டைக் கழுதைக் கத்தல்!

"கருவாச்சி! அது எங்க கருவாச்சி!" பவுனு அழுதுகொண்டே ஓடினாள்.

ஒரு பாறைத் திட்டின் ஓரத்தில் கருவாச்சி நின்றுகொண்டிருந்தது. பக்கத்துப் புல்லையெல்லாம் மேய்ந்து தீர்த்திருந்தது. சிலுப்பி போய் அதன் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டது. பவுனு அவற்றைத் தாண்டி ஓரத்துக்குப் பாயப் போனாள்.

"நில்லுங்க!" நசீமா அவள் சேலையைப் பிடித்து இழுத்தார். "கழுதை ஓடல, நின்னுருக்கு. அது நிக்கற இடத்துக்கு அங்கிட்டு ஏதோ சரியில்ல."

ஒரு குச்சியை ஒடித்துத் தட்டிப் பார்த்தால், முன்னால் இருந்தது வெறும் வேரும் மண்ணும். அடியில் ஒரு குகை! நடுவில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அதற்குள்ளிருந்து ஈனக் குரல் கேட்டது.

"பவுனா? ஏ பவுனு... கால் போச்சுடி. இந்தக் கழுதை வர மாட்டேன்னு நின்னுச்சு. நாலு அடி போட்டுட்டு நான் மட்டும் வந்தேன். இப்பத்தான் தெரியுது, அதுக்கு இருந்த புத்தி எனக்கு இல்ல."

"அண்ணே, உசுரோட இருக்கியே, அது போதும்!"

கருவாச்சி நின்ற கோட்டைத் தாண்டாமல் கயிற்றை ஒரு மரத்தைச் சுற்றிக் குகைக்குள் விட்டார்கள். மறுமுனையைச் சிலுப்பிக்கும் கருவாச்சிக்கும் சேர்த்துக் கட்டினார்கள்.

"முதல்ல மணிய அனுப்புறேன்! கண்டுபிடிச்சுட்டேன் பவுனு, என் மடியிலதான் இருக்கு!"

"மணிய எவன் கேட்டான்? உன் இடுப்புல கட்டு! இல்லேன்னா நானே எறங்கி வந்து அறைவேன்!"

கீழே கொஞ்சம் முனகல், மணியைத் தரையில் வைக்கும் சத்தம். பிறகு கயிறு இறுகியது. மேலே இரண்டு மிருகங்களும் ஒன்றாக நடந்தன, ஒன்றாக நின்றன, ஒன்றாக இழுத்தன. சேறும் தாடியுமாகச் சன்னாசியின் தலை மேலே வந்தது. அவனை இழுத்து மரத்தடியில் போட்ட சற்று நேரத்தில் ஓட்டையைச் சுற்றியிருந்த மண் பொத்தென்று உள்ளே விழுந்தது. பவுனு அண்ணனை ஓர் அறை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

நசீமா மூங்கில் வைத்துக் காலைக் கட்டினார். சன்னாசி உதைக்கவில்லை. பனி இன்னும் அடர்த்தியாகியிருந்தது, வந்த தடமே தெரியவில்லை. அப்போது தூரத்தில் கேட்டது: டிங், டிங், டிங்! குதிரையைப் பிடித்துவிட்ட முத்திருளன், பாதை பிரியும் இடத்துக்குத் திரும்பி வந்து மணியை ஆட்டிக்கொண்டிருந்தான். சன்னாசியைச் சிலுப்பியின் முதுகில் ஏற்றி, அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். பொழுது சாய்வதற்குள் சன்னாசி ஊருக்குள் வந்துவிட்டான். குலவைச் சத்தம் மலையில் எதிரொலித்தது.

கால் கூடும்வரை சன்னாசி வீட்டுத் திண்ணையில் சாய்ந்துகொண்டு, மண்ணுக்குள் போன மணியை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தான். சிலுப்பியின் தொட்டி கருவாச்சியின் தொட்டிக்குப் பக்கத்துக்கு மாறியது. இப்போது அது பொதிக்கு மறுப்பதே இல்லை, கருவாச்சி முன்னால் நடந்தால் போதும். முத்திருளன் அடுத்த சந்தையில் ஒரு வியாபாரியிடம் "இதோட ஆத்தா யாருய்யா?" என்று கேட்க, அந்த மனுஷன் தன்னைத் திட்டுவதாக நினைத்துக் கை ஓங்கிவிட்டானாம்.

மழை ஓய்ந்த ஒரு காலையில் சன்னாசி நொண்டிக்கொண்டே கொட்டத்துக்கு வந்தான். கேட்கத் தயங்கித் தயங்கி நின்றான்.

"பவுனு... மண்ணை மெல்லத் தோண்டினா மணிய எடுத்துரலாம். ரெண்டு கோவேறு கழுதை குடுப்பியா?"

பவுனு கொட்டத்துக்குள் நுழைந்தாள். வெள்ளச்சியை அவிழ்த்தாள். கோவேறு கழுதைகளை அவிழ்த்தாள். கருவாச்சியையும் சிலுப்பியையும் ஒரே கயிற்றில் கோத்து அண்ணன் கையில் கொடுத்தாள். பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.

"எல்லாத்தையும் கூட்டிட்டு வா. நானும் வாரேன்."

அந்த வருடத் திருவிழாவில் மலைச்சாமியின் மணி அடித்தது.