இடது கன்னத்து வெளிச்சம்

மனைவியின் வலது கன்னத்தருகே எட்டு என்று காட்டிய லைட் மீட்டர், இடது கன்னத்துக்குப் போனதும் நாலு என்றது.

கேமராக்காரனுக்கு சுருக்கென்று கோபம் வந்தது. மத்தியான வெயில், திரை விலக்கிய அகல ஜன்னல், அதைப் பார்த்தபடி நாற்காலியில் அவள். முகம் முழுக்க ஒரே சீராக வெளிச்சம் விழுவதைக் கண்ணே சொல்கிறது, இந்த மீட்டரோ ஒரு பக்கம் குறைவாகத்தான் விழுகிறது என்று சாதிக்கிறது. விடிந்தால் படப்பிடிப்பு. அவள்தான் நாயகி. இருப்பது ஒரே ஒரு சுருள் ஃபிலிம். அளவு தப்பினால் அவள் முகம் கரியாகப் பதியும், மறுபடி எடுக்க வக்கில்லை.

"இருக்கறதுலயே மலிவா கேட்டா நான் என்ன பண்ணட்டும்?" என்று கடைக்காரர் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டுதான் இரண்டு பழைய மீட்டர்களைத் தள்ளிவிட்டிருந்தார். "ரெண்டையும் எடுத்துட்டுப் போ. பார்த்துட்டு, வேண்டாததைச் சாயங்காலம் கொண்டா."

இவன் கையில் இருந்தது பேட்டரியில் ஓடும் பிளாஸ்டிக் மீட்டர். அந்த ஆளைத் திட்டிக்கொண்டே அதை வைத்துவிட்டு, முள் வைத்த மற்றதை எடுத்தான். அதற்குப் பேட்டரியே கிடையாது, விழுகிற வெளிச்சத்தில்தான் முள் நகரும். வலது கன்னத்தில் எட்டு. இடது கன்னத்தில் நாலு.

தன் நிழல்தான் விழுகிறதோ என்று நாற்காலிக்கு முன்னால் குந்தி, கைக்கொன்றாக இரண்டையும் அவள் கன்னங்களுக்கு உயர்த்தினான். பிறகு கை மாற்றிப் பிடித்தான். எந்த மீட்டரானாலும் இடது பக்கம்தான் குறைந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம்? கழுத்தே பிடிச்சுக்கிச்சு" என்றாள்.

"ஆடாம உட்காரு, போதும்."

"நான் எங்க ஆடினேன்? நீங்கதான் காதுகிட்ட வந்து மூச்சு விட்டு உயிரை வாங்கறீங்க."

அவன் மூச்சு அவள் முழங்காலைத்தான் தொட்டிருக்கும்.

மின்விசிறி கரகரத்துக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள், இதற்கெல்லாம் நடுவே நாளெல்லாம் வாளியில் கிடந்த ஈரத்துணியின் வாடை மெல்ல வந்து அவன் மூக்கில் ஏறியது. முள் மீட்டரை அவள் இடது கன்னத்திலிருந்து ஜன்னல் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினான். நாலு. இரண்டு. ஒரு சாண் தள்ளி, முள் அடியோடு படுத்துவிட்டது. அதையும் தாண்டினால் மறுபடி எட்டு. மேலே கொண்டுபோனான், எட்டு. பக்கவாட்டில், எட்டு. நடுவில் மட்டும் வெளிச்சம் இல்லை, ஒரு தலை அளவுக்கு. அதற்குக் கீழே கழுத்து அளவுக்கு. அப்புறம் அகலமாக, தோள்போல.

வெறும் வெயில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. தூசி மிதந்தது.

ஏதோ ஒன்று அவள் காதருகே குனிந்திருந்தது.

எழுந்து பின்னால் நகர்ந்தான். முதுகு சுவரில் முட்டியது. அவளை இழுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று தெரிந்தது. கால் வரவில்லை. சீ, என்ன மனுஷன் நான், என்று நினைத்தான். அப்போதும் வரவில்லை.

"ஏங்க, ஜன்னலை ஏன் சாத்தினீங்க?"

வெயில் அவள் முகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. கூசவில்லை. இமைக்கவில்லை.

"எழுந்து வா" என்றான். காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை.

"விளையாடாதீங்க. ஒண்ணுமே தெரியல. பயமா இருக்குங்க. கையைக் குடுங்க."

அவள் கை நீண்டது. இடப்பக்கம். வெறும் வெயிலில் துழாவியது.

நின்றது.

விரல்கள் எதையோ சுற்றி மடங்கின. இறுகின. கணுக்கள் வெளுத்தன. அவள் தோள் தளர்ந்தது.

"அப்பாடா" என்றாள். சிரித்தாள். "ஏங்க உங்க கை இவ்ளோ சில்லுனு இருக்கு?"

சுவரோடு ஒட்டி நின்றான் கேமராக்காரன். இரண்டு கைகளிலும் மீட்டர்.

பிடித்த கையை நீட்டியபடியே, அவள் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தாள். யாரோ தூக்கிவிட்டதுபோல.