மதிய எடை

சாப்பாட்டுக் கூடையோடு அவள் வார்டுக்குள் நுழைந்தபோது, கணவரை எடை மெஷினில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம் எல்லோரையும் நிறுத்துப் பார்ப்பது அந்த மனநல வார்டின் வழக்கம். வருஷக்கணக்காக நோயில் கிடப்பவர்களில் சிலர், யாருக்கும் தெரியாமல் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிடுவார்கள். மதியத்துக்குள் உடம்பு கனத்துப்போகும், வலிப்புகூட வரும். அதனால் எடை ஏறினால் வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்.

"இன்னைக்கும் ஏறியிருக்கும்மா," என்று நர்ஸ் அலுத்துக்கொண்டாள். "பாத்ரூம் குழாயெல்லாம் பூட்டியாச்சு. எங்க போய்தான் குடிக்கிறாரோ!"

அவர் குடிக்கவில்லை. உதடு வறண்டு வெடித்திருந்தது. அவர்மேல் ஏறியிருப்பது யார் என்று மனைவிக்குத் தெரியும்.

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருத்தியிடம் மட்டும் நாளெல்லாம் குசுகுசுப்பு, கொஞ்சல், சிரிப்பு. டாக்டர் அதை நோயின் குரல் என்றார். இவள் வைத்த பெயர் மேனாமினுக்கி. இல்லாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்று யாரும் கேட்கலாம். கேட்கட்டும். இவளுக்கு வயிறு எரிந்தது.

"இன்னொரு தடவை பாருங்க சிஸ்டர்," என்று கெஞ்சினாள்.

நர்ஸ் முள்ளைப் பார்க்கக் குனிந்தாள். மெஷினில் நிற்பவரின் முழங்கையை லேசாகத் தூக்கிப் பிடித்தால் எடை இறங்கும். வார்டுக்கு வரும் சொந்தக்காரர்கள் எல்லோரும் செய்கிற தில்லுமுல்லுதான். இவளும் அவர் முழங்கைக்கு அடியில் கையை நுழைத்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று இருந்தது. வளையல் போட்டிருந்தது. அவரைப் பிடித்துக்கொண்டு முழு பாரத்தோடு தொங்கியது.

ஜன்னலில் வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் பாசி வாடை குப்பென்று மூக்கில் ஏறியது.

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆத்திரம்.

"என் புருஷனை விடுடி," என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். "தொத்திக்கிட்டே திரியணும்னா என்மேல தொத்திக்க. அவர விட்டுடு."

கை நழுவியது.

"அட, இறங்கிடுச்சே!" என்றாள் நர்ஸ். "காலையில இருந்த அதே எடை. இப்படியே நின்னுச்சுன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாம்மா."

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. ஓர் அடி பின்னால் வைத்தாள். கால் வரவில்லை. இரண்டு தோள்களும் கனத்தன.

கணவர் மெஷினிலிருந்து இறங்கித் திரும்பினார். இத்தனை வருஷமாக அவள் ஏங்கிக் கிடந்த பார்வை அது. முகமெல்லாம் பிரியம். அவள் கன்னத்தை நோக்கிக் கை நீட்டினார். விரல்கள் கன்னத்தைத் தொடாமல் தாண்டிப் போய், அவள் காதுக்குப் பின்னால் எதையோ மெல்ல ஒதுக்கிவிட்டன.

"நம்ம வீட்டுக்குப் போலாமா?" என்று ஆசையாகக் கேட்டார்.

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள், அவள் காதோரத்தில் யாரோ வெட்கத்தோடு "ம்" என்றார்கள்.