வேண்டாம் பட்டியல்

பதினொன்றே முக்கால் ஆனால் வாசல் கதவுத் துவாரத்தின் பித்தளை மூடி ஒருமுறை எழும்பி விழும். கடிதங்கள் உள்ளே விரிப்பில் சரியும். பத்தொன்பது வருடமாகத் தோரா ஹால்வர்சன் அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் இரண்டாவது காப்பியை ஊற்றிக்கொள்வாள். அந்த வாரம் நான்கு நாளாக மூடி அசையவில்லை. காலிக் கோப்பையைப் பிடித்தபடி, சியாட்டில் மழை கூரையில் ஊர்வதையும், அதற்கு அடியில் வீடு ஒரு சத்தமும் இல்லாமல் நிற்பதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கேட்டு வாங்கிய அமைதிதான். போன மார்ச்சில் பக்கத்து வீட்டு வெண்டல், தனி ஆள், தன் நிலவறையில் விழுந்து பதினோரு நாள் கிடந்தார். வாசலில் மஞ்சள் பைகளில் தொலைபேசிப் புத்தகங்களும் விளம்பரத் தாள்களும் மழையில் ஊறி உப்பிக் குவிந்திருந்ததைப் பார்த்துத்தான் தபால்காரர் ரூஃபினோ போலீஸைக் கூப்பிட்டார். வெண்டலைத் துணி மூடித்தான் கொண்டுபோனார்கள். குவியலை யாரும் மூடவில்லை. அது தோராவின் கண்ணிலேயே நின்றது.

கேட்காமல் வருவதை வேண்டாம் என்று சொல்ல நகராட்சி ஒரு பட்டியல் தொடங்கியபோது முதல் நாளே பெயர் கொடுத்தாள். புத்தகம் வேண்டாம். விளம்பரம் வேண்டாம். விற்பனை அழைப்பு வேண்டாம். பில்களையும் கணினிக்கு மாற்றிக்கொண்டாள். தொலைபேசிப் புத்தகத்திலிருந்து தன் பெயரையே எடுக்கச் சொன்னாள்.

“என்னங்க தோரா, என் பொழப்புல மண்ணப் போடறீங்களே,” என்றார் ரூஃபினோ. “இப்படியே போனா இந்த வீட்டுப் படியே எனக்கு மறந்துடும்.”

“மறந்துட்டுப் போங்க. புல்ல மிதிக்காம போனீங்கன்னா சரி,” என்றாள். “நான் செத்தாலும் என் வாசல் சுத்தமா இருக்கும்.”

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

வியாழக்கிழமை காலை, இறந்த கணவர் சேர்த்து வைத்திருந்த பழைய தொலைபேசிப் புத்தகங்களையும் ஒழித்துவிடலாம் என்று நிலவறைக்கு இறங்கினாள். பாதிப் படியில் இருந்தபோது மேலே கதவு காற்றில் சாத்திக்கொண்டது. ஏறி வந்து கதவின் கண்ணாடிக் கைப்பிடிக் குமிழைத் திருகினாள். குமிழ் கையோடு வந்துவிட்டது. மறுபாதி, கம்பியோடு, அந்தப் பக்கம் சமையலறைத் தரையில் விழுந்து உருண்டு எங்கோ முட்டி நின்றது.

முதலில் சிரிப்புதான் வந்தது. செல்பேசி மேலே, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில். கீல்கள் அந்தப் பக்கம். கதவு ஓக் மரம். இருந்த ஒரே ஜன்னலைத் திருட்டுப் பயத்தில் அவளே தடித்த கண்ணாடிக் கட்டிகள் வைத்து அடைத்திருந்தாள். அதில் வெளிச்சம் வரும், நிழல் வரும், வேறெதுவும் வராது.

ஈரச் சுவரின் வாடையும், சோப்புத்தூள் வாடையும், தாள் மட்கும் வாடையும் மெல்ல மெல்ல ஒன்றாகி அவள் உடம்பின் வாடையே ஆயின. மேலே குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது, மறுபடி உறுமியது. தொலைபேசி அடிக்கவில்லை. அவளை அழைக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஸ்போகேன் ஊரில் இருந்த தங்கை கூப்பிடுவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான். இரண்டு நாள் கத்தினாள். குரல் கிழிந்து, பிறகு வெறும் காற்று வந்தது. துணி துவைக்கும் தொட்டிக் குழாயில் தண்ணீர் குடித்தாள். பதினொன்றே முக்காலுக்கு ரூஃபினோவின் தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டு வரும். வாசலில் அது வேகம் குறைவதுகூட இல்லை.

கணவரின் பெட்டியில் ஸ்பேனர் கிடைத்தது. சுவரோடு இறங்கித் தரைக்குள் போகும் இரும்புச் சாக்கடைக் குழாயைத் தட்டினாள். மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

மூன்றாம் நாள் மதியம் கண்ணாடிக் கட்டிகளில் இரண்டு நிழல்கள் ஏறின. துணி உலர்த்தியின் காற்றுக்குழாய் வழியாகப் பேச்சு இறங்கி வந்தது. வீடு வீடாகத் தொலைபேசிப் புத்தகம் போடும் ஒரு புருஷனும் பெண்டாட்டியும்.

“ஏய், அங்க வெக்காத. இந்த வீடு வேண்டாம் பட்டியல்ல இருக்கு. வெச்சா அபராதம்.”

“ஆள் இருக்காங்களா இல்லையா?”

“இல்லாமலா? வாசல் எப்படி இருக்கு பாரு, தொடச்சி விட்ட மாதிரி. நம்ம வாசலும் இருக்கே.”

“அத நீங்க பெருக்கினா தெரியும்.”

தோரா குழாயை அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள்.

“என்னவோ தட்டுதுங்க.”

“மரங்கொத்தி. மார்ச் வந்தா இரும்பக் கண்டா விடாது. சோடி தேடுதாம்.”

“பாவம். தலை வலிக்காதா அதுக்கு?”

“கல்யாணம் ஆனா சரியாப் போயிடும்.”

பெண்டாட்டி சிரித்தாள். நிழல்கள் இறங்கின. வண்டிக் கதவு சாத்திக்கொண்டது.

தோராவின் கை அப்படியே நின்றது.

மரங்கொத்தி. போன மார்ச்சில் அந்த வார்த்தையை அவள்தான் சொன்னாள். இதே தொட்டியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது இந்தக் குழாய்க்குள் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. ஒரு நாள் இல்லை, ஐந்தாறு நாள். “இந்த மரங்கொத்தியோட தொல்லை தாங்கல, ரூஃபினோ,” என்று வாசலில் நின்று சொன்னாள். இரண்டு வீட்டுச் சாக்கடையும் மண்ணுக்கடியில் ஒரே குழாயில்தான் சேர்கின்றன. அது அவளுக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

ஸ்பேனரைத் தரையில் வைத்தாள். வெளிச்சம் கட்டிகளில் சாம்பலாகிக்கொண்டிருந்தது. மழை விட்டிருந்தது. மேலே குளிர்சாதனப் பெட்டி அடங்கியது.

மூன்று தட்டு.

அவள் கை மடியில் இருந்தது.

இடைவெளி. மூன்று தட்டு.

வெண்டலின் வீடு ஒரு வருடமாகக் காலி. விற்பனைப் பலகை சாய்ந்து கிடக்கிறது. யாரும் வாங்கவில்லை.

மூன்று தட்டு. அவசரமே இல்லை. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட கையின் நிதானம். சுவரில் கேட்டது. பிறகு சுவருக்குக் கீழே. பிறகு இன்னும் கிட்டத்தில்.

படியில் பின்னோக்கி ஏறினாள். முதுகு கதவில் இடித்தது.

கீழே, தரையின் நடுவில், சாக்கடைத் துளையை மூடிய வட்ட இரும்பு மூடி. தட்டு. மூடி ஒரு மயிரிழை எழும்பி அமர்ந்தது. தட்டு. எழும்பி அமர்ந்தது.

தட்டு.

இந்த முறை அது அமரவில்லை.