விஸ்வநத்தத்தில் வெயில்

விருதுநகர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செருப்புக் கடை வாசலில் ஓடி ஒதுங்கினாள் இசைவாணி. 2008 தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம். அச்சகத்தில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வரைந்து கண் எரிந்தது. இதில் மழை வேறு...

பக்கத்தில் நின்றவன் செல்போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"சார், விருதுநகர்ல கொட்டுது சார்... விஸ்வநத்தத்துல வெயிலா? மெசேஜ் தப்பாப் போச்சு சார், மன்னிச்சுக்கோங்க."

இசைவாணிக்குச் சுருக்கென்றது. மழை வருமென்று விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனிக்கு மெசேஜ் வந்ததாம். வெடிமருந்து காயாது என்று காலையிலேயே ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அங்கே வேலை பார்க்கும் அம்மா வேலுத்தாய் மத்தியானம் போனில் புலம்பித் தீர்த்திருந்தாள்.

"அந்த மெசேஜ் புண்ணியவான் நீங்கதானா?"

திரும்பினான். தூக்கம் கெட்ட பெரிய கண்கள்... இமையில் ஒரு மழைத்துளி. திட்ட வந்தவள் ஒரு நொடி தடுமாறித்தான் போனாள்.

"எங்கம்மாவுக்கு இன்னைக்குக் கூலி போச்சு. விருதுநகர் மேகத்தப் பாத்து விஸ்வநத்தத்துக்கு மழ சொல்ற ஆள இப்பத்தான் பாக்கேன்."

"தப்புதாங்க. ஊருக்கு ஊரு நின்னு வானத்தப் பாக்க எங்கிட்ட ஆளு இல்ல."

"அங்கன இருக்குற பொம்பளைககிட்டக் கேளுங்க. மேகம் கூடுனா ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க. காசா பணமா?"

அவன் வந்து பார்க்கச் சொல்லி நனைந்த அட்டை ஒன்றை நீட்டினான். சாலமன்ராஜ். சென்னை வேலையை உதறிவிட்டு, மிளகாய் வற்றல் கடை மாடியில் இரண்டே கம்ப்யூட்டரோடு மழை, வெயில் மெசேஜ் அனுப்பும் கம்பெனி ஆரம்பித்திருக்கும் பைத்தியம்.

மறுநாள் ஆறு மணிக்கு அச்சகம் விட்டதும் இசைவாணி தும்மிக்கொண்டே அந்த மாடி ஏறினாள். அதன்பின் தினமும் ஏறினாள். மேகம் பார்த்து மிஸ்டு கால் கொடுக்க, பதினொரு ஊரில் பதினொரு பெண்களைப் பிடித்தாள். மெசேஜ் பொய்க்காத நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. அச்சகத்தில் அவள் வரைந்த மயிலுக்கு நிறம் சொல்லவும் முதலாளி இருந்தார். இங்கே அவள் ஒன்று சொன்னால், மறுநாள் காலை அது நடந்தது. அந்த ருசி அவளை விடவில்லை.

சம்பளம் கொடுக்க வழியில்லாமல் கம்பெனியில் பங்கு எழுதித் தருவதாகச் சொன்னான் சாலமன். அவளோ கம்மலுக்குச் சேர்த்ததையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"கம்மல் காதுல தொங்கும், அம்புட்டுதான். இது வளருதான்னு பாப்போம்."

தை பிறந்தது. சீசன் முடிந்தது. இனி மெசேஜ் வேண்டாம் என்று கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கையில் ஒரு கவரைக் கொடுத்தான் சாலமன்.

"உங்க பணம். சென்னையில வேல கெடச்சிருக்கு. திங்கக்கிழம சேரணும். முடியல இசை... அலுத்துப் போச்சு."

போகாதீக என்று நாம் என்ன கெஞ்சுவதா... விறுவிறுவென்று படி இறங்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். நாளை ஆறு மணிக்கு எங்கே போவது? நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள்.

"பணத்தத் தந்துட்டா சரியாப் போச்சா? நான் எதுக்கு வந்தேன்னு ஒரு நாளாவது கேட்டீகளா?"

"எதுக்கு வந்தீங்க?"

"மொதல்ல கம்பெனிக்குத்தான். நெசமாவே. பெறகு உங்களுக்காக... இப்ப எது எம்புட்டுன்னு பிரிச்சுச் சொல்லத் தெரியல. எனக்கும் அலுப்புதான். ஒத்தையில அலுத்துக்கிறதுக்கு, சேந்து அலுத்துக்குவோமே."

சாலமனின் அந்தப் பெரிய கண்கள் நிறைந்து தளும்பின.

"எனக்கும் ஒன்னயப் பாக்காம இருக்க முடியாது இசை. அத மறைச்சுக்கிட்டு ஓடத்தான் பாத்தேன். உங்கம்மா என்ன சொல்லுவாக? நிலையா ஒரு சம்பளம் இல்லாத பய... அதுலயும் சர்ச்சுக்குப் போற வேதக்காரன்."

"மொத நாளு விரட்டுவாக. ரெண்டாம் நாளும் விரட்டுவாக. மூணாம் நாளு, சாப்பிட்டீகளான்னு கேப்பாக."

"நாளைக்கே வந்தா, திங்கக்கிழமதான் மூணாம் நாளு," என்றான் சாலமன். "சாப்பிட வாரேன்னு சொல்லு."